அடியில்லாப் பெட்டிக்கு என்ன விலை

சங்கரன்கோவில் சந்தையில் எனக்கென்று ஒரு சாக்கு அகலத்துக்கு இடம் இருந்தது. அதற்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. வாரா வாரம் சந்தை நாளில் நான் அங்கேதான் சாக்கை விரிப்பேன். தெரியாத்தனமாக வேறு யாராவது விரித்துவிட்டால், நான் வாய் திறக்கும் முன்னே பக்கத்துக் கடைக்காரிகள் சண்டைக்குப் போய்விடுவார்கள். இடது பக்கம் ஓலைப்பெட்டி விற்கிற அக்கா. வலது பக்கம் ராயகிரியிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவருகிறவள். நடுவில் நான், மிளகாய் வத்தல் மூட்டையோடு.

எழுபதுகளின் கடைசி அது. திருவேங்கடத்துப் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு, எல்லாம் மானாவாரி. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்து வசவு. அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. வத்தல் மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் பஸ் முழுக்கத் தும்மும். கண்டக்டர் தும்மிக்கொண்டே திட்டுவார், நானும் தும்மிக்கொண்டே பதிலுக்குத் திட்டுவேன். இதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்க்குக் குறைவில்லை, பிழைப்பும் நடந்தது. ஆனால் ஒரு வருஷம் அந்த வாயாலேயே கெட்டுப்போக இருந்தேன்.

பெட்டிக்கார அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சொந்தமாக ஒரு முழம் மண் கிடையாது. பனையோலையும் ஒரு சின்ன அரிவாளும்தான் சொத்து. கைப்பிடி அளவுக் கொட்டானிலிருந்து கல்யாணத்துக்குச் சீர் வைக்கிற கடகப்பெட்டி வரைக்கும் எல்லா அளவிலும் முடைவாள். வியாபாரம் பேசும்போதும் கை நிற்காது. வாங்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதா விரலைப் பார்ப்பதா என்று தெரியாமல் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. போணி. அன்றைய முதல் வியாபாரம். முதலில் வந்து கேட்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அனுப்பினால் அந்தக் கடை மட்டுமல்ல, அந்த வரிசையே அன்றைக்கு ஈ ஓட்டும். இது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் அவளுக்கு அது வேதம். கேட்டது இல்லையென்றால் இருப்பதைக் காட்டி, விலையைக் கொஞ்சம் இறக்கி, எதையாவது கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடையில் கிடக்கிற பெட்டிகளின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அப்புறம்தான் தண்ணீர்கூடக் குடிப்பாள். அவளுக்குக் கைராசி என்று வரிசையில் பேர். நான் எங்கேயாவது எழுந்து போனால் என் கடைக்கும் அவள்தான் போணி பண்ணிவைப்பாள்.

அந்த வருஷம் எனக்கு ஒரு பெரிய காரியம் இருந்தது. எங்கள் காட்டில் வழக்கமாகப் பருத்திதான். ஓரமாக நான் நாலு வரி மிளகாய் போட்டு, அதில் நல்ல செடி, நல்ல காய் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மூன்று வருஷமாக ஒரு விதை சேர்த்திருந்தேன். வத்தல் சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. காம்பு உதிராது. மூட்டைக்கு ஒரு கை சண்டுவத்தல்கூட, அதாவது வெளுத்துப்போன வத்தல்கூட, தேறாது. இதை வைத்துக்கொண்டு மாமனாரிடம் மல்லுக்கட்டி, ஒரு குறுக்கம் நிலத்தை, ஏக்கர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மிளகாய்க்கென்று வாங்கியிருந்தேன்.

"சரிம்மா, ஒரு வருசம் உன் இஷ்டம். வெதை பொய்ச்சிட்டுன்னா அடுத்த வருசம் வாயத் தொறக்கப்படாது. பருத்திதான்" என்றார் மாமனார்.

"பொய்க்காது மாமா" என்றேன். என் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் குறுக்கத்தைச் செக்கச்செவேல் என்று ஆக்கிக்காட்ட வேண்டும் என்று எனக்குள் வைராக்கியம் ஏறியது. வீட்டில் நான் சொல்லி ஒரு மண்ணாங்கட்டி நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

புரட்டாசி பிறந்தது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் நாற்றுப் பாவ வேண்டும். அதற்கு முந்தின சந்தையில் ராயகிரிக்காரி தன் கத்தரி விதையைப் பற்றி அளந்த அளப்பு இருக்கிறதே, காது புளித்துவிட்டது. 'இருடீ, என் விதையைக் காட்டுகிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் கூரைச் சட்டத்தில் தொங்கிய விதைவத்தல் பெட்டியை இறக்கி, மூட்டையோடு மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டுபோனேன். சேர்த்த விதை அவ்வளவும் அதில்தான் இருந்தது. அந்தப் பெட்டியும் பெட்டிக்கார அக்கா முடைந்ததுதான்.

சும்மாவா கொண்டுபோனேன்? சாக்கை அவிழ்த்துச் சந்தை வத்தலைப் பரப்பி, அதன் உச்சியில், கோபுரத்துக்குக் கலசம் வைத்த மாதிரி, அந்தப் பெட்டியைத் திறந்து வைத்தேன். ராயகிரிக்காரி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதே எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

இன்னொரு மூட்டை பஸ் ஸ்டாண்டில் கிடந்தது. "யக்கா, கடையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அதைச் சுமந்துவரப் போனேன். போய்வரக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அக்கா முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"ஏட்டி, உனக்குப் போணி ஆயிட்டு! நல்ல வெலைக்கு வித்துருக்கேன், பெட்டியோட."

"எந்தப் பெட்டி?"

"அந்தா உச்சியில வச்சிருந்தியே, அதான். ஒரு டீச்சரம்மா வந்தா. இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. மொத போணிய வெறுங்கையோட அனுப்ப முடியுமா?"

தலையில் இருந்த மூட்டையை நான் இறக்கி வைக்கவில்லை, அதுவாக விழுந்தது.

"யக்கா, அது வெதை வத்தலு."

அக்காவின் கை நின்றது. ஓலை முடைகிற அந்தக் கை நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. "வெதையா? வெதையை எவளாச்சும் சந்தைக்குக் கொண்டாருவாளா?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. தப்பு என் பேரில் இருக்கும்போது என் வாய் இன்னும் நீளும். "மரத்து ஓலையைக் கிழிச்சுப் பொழைக்கவளுக்கு மண்ணுல போடுத வெதையோட அருமை எப்படித் தெரியும்? ஒரு முழம் மண்ணு உண்டா ஒனக்கு?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அக்கா கீழே குனிந்து ஒரு ஓலையை எடுத்து வகிர ஆரம்பித்தாள்.

டீச்சரைத் தேடுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. வரிசைக் கோடியில் இருக்கிற பூக்காரிதான் வழி சொன்னாள். "கறுப்புக் குடை, மூக்குக் கண்ணாடி. பூ வேணுமான்னு கேட்டேன், தலையில வைக்க மாட்டேன்னுட்டா. வேதக்கார டீச்சர். சர்ச்சுக்குப் பின்னால போய்க் கேளு." கடையை ராயகிரிக்காரியிடம் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு எதிரில் அந்தக் குறுக்கம் நிலம்தான் தெரிந்தது.

டீச்சர் வீட்டு வாசலுக்கே வறுத்த மிளகாய் நெடி வந்தது. மெட்ராஸ் ஹாஸ்டலில் படிக்கிற மகனுக்கு இட்லிப் பொடி அனுப்ப வேண்டுமாம். அதைக் கொண்டுபோகிற ஆள் அன்றைக்கு மத்தியானமே ரயிலுக்குப் போகிறாராம். சந்தையிலிருந்து வந்த சூட்டோடு டீச்சர் அத்தனை வத்தலையும் கிள்ளி வறுத்துவிட்டார்.

"விதை?" என்றேன்.

"விதை அவனுக்கு வயித்துக்கு ஆகாதும்மா. வறுக்க முன்னாலேயே எல்லாத்தையும் உதறிப் புறவாசல்ல கொட்டிட்டேன். ஏன், என்ன விஷயம்?"

புறவாசலுக்கு ஓடினேன். அங்கே ஆறேழு கோழிகள் மண்ணைக் கிளறிக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தன. மிளகாய் விதை கோழிக்கு உறைக்காது. மூன்று வருஷம் பொறுக்கிச் சேர்த்ததை அதுகள் தலையை ஆட்டி ஆட்டித் தின்றன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டீச்சர் பயந்துபோய்க் காப்பி கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணும் கலங்கிவிட்டது. "இந்தப் பெட்டியையாவது கொண்டுபோங்க" என்று வெறும் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அக்கா முன்னால் விட்டெறிந்தேன். "இந்தா உன் போணி. சர்ச்சுக்குப் பின்னால டீச்சர் வீட்டுக் கோழி தின்னு ஏப்பம் விட்டுட்டு" என்றேன். அதோடு பேச்சு அறுந்தது.

பக்கத்துப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. சந்தையில் சிநேகம் என்பது முக்கால்வாசி 'கடையைப் பாத்துக்கோ' என்பதுதான். அது போனால் காப்பி குடிக்க முடியாது, ஒன்றுக்குப் போக முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முடியாத கட்டத்தில் ராயகிரிக்காரியிடம் விட்டுப் போனால், அவள் கத்தரிக்காய் விற்கிற தாராளத்தில் என் வத்தலை அள்ளி அள்ளிப் போட்டுவிடுவாள். அக்காவும் அப்படித்தான். ஆனால் அவள் ஒவ்வொரு வாரமும் நல்ல வியாபார நேரத்தில், பதினோரு மணி வாக்கில், கடையை ராயகிரிக்காரியிடம் விட்டுவிட்டு எங்கேயோ போனாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். எங்கே போகிறாள் என்று நான் கேட்பேனா? மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் கடையில் ஒரு பெரிய கடகப்பெட்டி இருந்தது. இளையரசனேந்தலில் ஒரு கல்யாண வீட்டுக்காக ஒரு மாதம் உட்கார்ந்து முடைந்தது, விளிம்பில் சிவப்புச் சாய ஓலை கோத்தது. சண்டை நடந்த அன்றைக்குச் சாயங்காலமே அதைக் காணோம். யாரோ கூடுதல் விலை கொடுத்திருப்பார்கள், தள்ளிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துக் கல்யாண வீட்டு ஆள் வந்து, பெட்டி எங்கே என்று அவளை நடுச்சந்தையில் நிற்கவைத்து ஏசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வேற முடைஞ்சு தாரேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வேண்டும் உனக்கு என்றிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. கரிசல் காடு குழம்பி, செருப்பை வாங்கிக்கொண்டு தர மறுத்தது. மாமனார் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "என்னம்மா, பருத்தி ஊனிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஊனுங்க மாமா" என்றேன். வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தைதான் வந்தது.

அதற்கு அடுத்த சந்தை. மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்த காலை நேரம். எனக்கும் போணி ஆகவில்லை, அக்காவுக்கும் ஆகவில்லை. தூரத்தில் கறுப்புக் குடை தெரிந்தது. டீச்சர்தான். ஒரு கையில் குடை, மறுகையில் ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலம். தோளில் பெரிய வளையல் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது அந்தக் கடகப்பெட்டி. சிவப்பு விளிம்பு வெளுத்து, ஒரு பக்கம் கோழி கொத்தி நார் பிரிந்திருந்தது. அதற்கு அடி இல்லை.

டீச்சர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கைப் பிரித்தார். உள்ளே மிளகாய் நாற்று. விரல் உயரத்தில், தண்டு தடித்து, இலை மினுமினுவென்று, வேர் மண்ணோடு.

"உங்க நாத்துதாம்மா" என்றார்.

நான் ஒரு நாற்றை எடுத்து வேரைத் திருப்பிப் பார்த்தேன். அவரே பெட்டிக்கார அக்கா பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்.

"நான் தண்ணிதான் ஊத்தினேன். மத்ததெல்லாம் இவங்க. நீங்க அழுதுட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே இந்தப் பெட்டியத் தலையில வச்சிக்கிட்டு வந்து நின்னாங்க. என்கிட்டச் சுளகு வாங்கி, புறவாசல் மண்ணையெல்லாம் கூட்டிப் புடைச்சு, கோழி தின்னது போக மிச்ச விதையப் பொறுக்கி, பாத்திரம் கழுவுற அங்கணத் தண்ணி போற பக்கமா ஊனினாங்க. கோழி விடுமா? உடனே அரிவாள எடுத்து இந்தப் பெட்டியோட அடிய அறுத்துட்டாங்க. சுத்தி நிறுத்தி, மேல உடைமுள்ளப் போட்டு மூடினாங்க. நான் பதறிட்டேன். 'நல்ல பெட்டியாச்சே'ன்னேன். 'பெட்டிய நாளைக்கும் முடைவேன் டீச்சர், வெதைய முடைய முடியுமா'ன்னாங்க. வாரா வாரம் வந்து களை பிடுங்கிட்டுத்தான் போவாங்க."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன், டீச்சரிடம்தான்.

"முளைக்காமப் போனா உங்களுக்கு ரெண்டாந்தரம் வயிறு எரியுமாம். அதனால சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

ஒரு முழம் மண் உண்டா என்று நான் கேட்டவள், அடுத்தவர் வீட்டுப் புறவாசலில் ஒரு முழம் மண்ணில் என் விதையைக் காப்பாற்றியிருக்கிறாள். பதினோரு மணிக்கு அவள் எழுந்து போனது அங்கேதான். கல்யாண வீட்டுக்காரரிடம் அவள் ஏச்சு வாங்கியது எனக்காகத்தான், அதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா இதெல்லாம் காதில் விழாத மாதிரி மும்முரமாக ஓலை வகிர்ந்துகொண்டிருந்தாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்கிற பழக்கம் எங்களுக்கெல்லாம் கிடையாது. சொன்னால் வாய்க்குள் வேற்று ஆள் நுழைந்த மாதிரி இருக்கும். நான் அந்த அடியில்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கடை முன்னால் வைத்தேன்.

"இது என்ன வெல?"

அவள் நிமிரவில்லை. "அது வெலைக்கு இல்ல."

"இன்னும் போணி ஆகலல்லா ஒனக்கு? மொத போணிக்கு வந்தவள வெறுங்கையோட அனுப்புவியோ?"

ராயகிரிக்காரி தராசைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் சட்டத்தில் அவளையே மாட்டிவிட்டேன். வேறு வழியில்லை.

"அடியில்லாப் பெட்டிக்கு என்னட்டி வெல? எட்டணா குடு."

"எட்டணாவா? கல்யாணப் பெட்டி. எட்டு ரூவா தாரேன்."

"கிறுக்கா புடிச்சிருக்கு? ஒரு ரூவா. அதுக்கு மேல வாங்க மாட்டேன்."

"ஏழு. அதுக்குக் கீழ குடுக்க மாட்டேன்."

"கோழி கொத்துன பெட்டிட்டி! ஒண்ணரை."

"கோழி கொத்துனது என் வெதையை. ஏழு."

வாங்குகிறவள் ஏற்ற, விற்கிறவள் இறக்க, இப்படி ஒரு பேரம் அந்தச் சந்தை அதற்கு முன் கண்டிருக்காது. பூக்காரி எழுந்துவந்து வேடிக்கை பார்த்தாள். டீச்சர் குடையை மடக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ராயகிரிக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் நாலுன்னு முடிச்சுத் தொலைங்கட்டி. எனக்கும் இன்னும் போணி ஆகல" என்று கத்தினாள்.

நாலு ரூபாய். அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழக்கத்தைவிட நேரம் அதிகமாக ஒற்றினாள். பெட்டிகளின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். என் வத்தல் சாக்கின் மேலும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அந்த நாற்று ஒரு குறுக்கத்துக்குக் காணாது. பருத்திக்கு நடுவில் மாமனார் நாலு பாத்தி ஒதுக்கிக் கொடுத்தார். அது போதும், விதை பிழைத்தது. அடுத்த வருஷம் குறுக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று காய்த்தது. மோட்டுவளையைப் பார்த்துச் சிரித்த வீட்டுக்காரர் வத்தல் மூட்டையை அவரே தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார். அந்த அடியில்லாத பெட்டியை நார் இற்றுப்போகும் வரைக்கும் வருஷா வருஷம் என் நாற்றங்காலைச் சுற்றித்தான் நிறுத்தினேன்.

ஆனால் எனக்கு அந்த வெள்ளாமையைவிட நன்றாக நினைவிருப்பது அன்றைக்குப் பேரம் முடிந்தபின் நடந்ததுதான். டீச்சருக்கு ஒரு படி வத்தல் அளந்து போட்டு என் போணியையும் முடித்தேன். சாதாரண வத்தல்தான், விதை இல்லை. அவர் போனதும் பெட்டிக்கார அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஆறு வாரமாக இரண்டு பேரும் ஒழுங்காக ஒரு காப்பி குடித்ததில்லை. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, போகிற போக்கில் சொன்னாள்:

"காப்பி குடிச்சிட்டு வாரேன். கடையப் பாத்துக்கோ."